சீனித்தாயி தின்ன சுவரு

எங்க அப்பன் காலத்துக்கும், தாத்தன் காலத்துக்கும் முந்தி, வாதாங்குளம்னு ஒரு கரிசக்காட்டு ஊரு. அங்க வாக்கப்பட்டு வந்தாளாம் எங்க பூட்டி சீனித்தாயி. வந்த வருசமே தலப்பிள்ள வயித்துல. அவ நாக்கு மண்ணு கேட்டுச்சாம். மண்சுவத்தச் சுரண்டிச் சுரண்டித் தின்னாளாம். மொகம் வெளுத்து, நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குமாம். இரும்புச்சத்து கொறஞ்சா இப்படி மண்ணு கேக்கும்னு இப்ப நர்சம்மா சொல்லுது. அப்ப யாரு கண்டா? பேயின்னுட்டா மாமியாக்காரி வெள்ளையக்கா. எதுக்கெடுத்தாலும் பேய் மேல பழி போடுறதுல எங்க ஊர அடிச்சுக்க ஆளில்ல.

தவசதானிய மூட்டை அடுக்குற உள்வீட்டுல மருமகளத் தள்ளிப் பூட்டிட்டா. கீரை, கருவாடு, எள்ளு எதுவும் கூடாது, பேய்க்குப் பலம் வந்துருமாம். வெறும் நீச்சத்தண்ணி. புருசன்காரன் ஆத்தா பேச்சத் தாண்டமாட்டான்.

கத்தினா பேய் கத்துதும்பாக. அழுதா பேய் அழுவுதும்பாக. சும்மா இருந்தா பேய் பதுங்கியிருக்கும்பாக. என்னதான் செய்வா பாவம்? சுவத்தத் தின்னா. தின்னு தின்னு ஓட்டை விழுந்துருச்சாம்.

அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு மாடத்தியோட அடுப்படி. ரெண்டு வீட்டுக்கும் பொதுச்சுவரு, அந்தச் சுவத்துத் தகராறுலயே பேச்சுவார்த்தை கிடையாது. எஞ்சுவத்த எவ இடிக்கிறான்னு வைய வந்தவ, ஓட்டையில வெளுத்த கையப் பாத்து அங்கனயே உக்காந்துட்டாளாம்.

“அத்தே, எனக்குப் பேய் பிடிக்கல. எப்படிச் சொன்னா நம்புவாக?”

“தெரியும் தாயி. எம் மவ பொன்னுருவியும் மண்ணுதான் தின்னா. நானுந்தான் பூட்டி வச்சேன். ரத்தமில்லாம பேறுகாலத்துல போயிட்டா. கீரை குடுத்திருக்கணும்னு மருத்துவச்சி அப்புறமாத்தான் சொன்னா.”

மாடத்தி வெள்ளையக்காகிட்டயும் போய்ச் சொல்லிப் பாத்தா. பகையாளி பேச்சுன்னு வெளக்கமாத்தத் தூக்கினாளாம். அன்னைலருந்து முருங்கைக்கீரையும், கேப்பைக்களியும், எள்ளுருண்டையும் ஓட்டை வழியாப் போச்சு. தின்னுட்டு மூட்டைய இழுத்து மறச்சுக்குவாளாம். மெல்ல மெல்ல மண்ணு கேக்குறது நின்னுச்சு, மொகத்துல ரத்தம் ஏறுச்சு. அதப் பாத்துட்டு வெள்ளையக்கா என்ன சொன்னா தெரியுமா? பூட்டி வச்சதாலதான் பேய் ஓடிருச்சு, பிள்ள பெறுற வரைக்கும் பூட்டு இருக்கட்டும்னாளாம்.

இருந்துச்சு. மருத்துவச்சி உள்ள போகத்தான் கதவு தொறந்துச்சாம். பொம்பளப்பிள்ள. தாயும் தப்பிச்சா, பிள்ளையும் தப்பிச்சுச்சு. பேரு என்ன வைக்கன்னு கேட்டப்ப, பொன்னுருவின்னாளாம் சீனித்தாயி. வெள்ளையக்காவுக்கு ஒண்ணும் வெளங்கல. சுவத்துக்கு அந்தப் பக்கம் மாடத்தி அழுத சத்தம் தெருவுக்கே கேட்டுச்சாம்.

அந்த ஓட்டைய அடைக்க சீனித்தாயி கடைசி வரைக்கும் விடல. இன்னைக்கும் வாதாங்குளத்துல பொதுச்சுவரு எடுத்தா கையளவு ஓட்டை விட்டுத்தான் எடுப்பாக. பிள்ளத்தாச்சிக்கு மொதக் கீரை பக்கத்து வீட்டுலருந்து அது வழியாத்தான் வரணும். சொந்தக்காரி கொண்டாந்தா வாங்கமாட்டாக. சாவி சொந்தக்காரி கையிலதான இருந்துச்சு.