கைதட்டி எழுப்பிய கால்கள்

அவைக்கு நடுநாயகமாக வீற்றிருக்கும் தலைமை ஆசிரியை அவர்களே! மேடையின் ஓரத்தில், கழுத்தில் விசிலோடு அமர்ந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியர் அவர்களே, என்னோடு பிறந்த அண்ணனே! பெற்றோர் சங்கத்துப் பெரியவர்களே! பிள்ளைகளின் காலணிகளைக் கழுவிக் காயவைத்து, கயிறு கோத்துக் கொடுத்து அனுப்பிய தாய்மார்களே! வெயிலில் வரிசை கலையாமல் உட்கார்ந்திருக்கும் ஓட்டக்காரச் செல்வங்களே! அந்த முதல் வரிசையில், என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் மகளே! அனைவருக்கும் என் வணக்கம்.

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, ஐஸ் தேடியது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தவறில்லை. உங்களுக்கெல்லாம் பொழுது காபியில் விடிகிறது. எனக்கு ஐஸில் விடிகிறது. என் இடது முட்டி இரவு முழுவதும் இறுகிக் கிடக்கும். அதற்கு ஐஸ் ஒத்தடம் கொடுத்தால்தான் அது மடங்கும். அது மடங்கினால்தான் நான் நடப்பேன். இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் குளிர்பெட்டியின் மேல் கதவைத் திறந்தேன். தட்டுகள் காலி. ஒன்றில்கூட ஒரு கட்டி இல்லை.

குளியலறையில் விளக்கு எரிந்தது. கதவைத் தள்ளினேன். கவிழ்த்துப் போட்ட வாளிமேல் என் மகள் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு வாளியில் அவள் வலது கால். என் ஐஸ் எல்லாம் அந்த வாளியில் மிதந்துகொண்டிருந்தது.

"என்னடி இது?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா."

"ஐஸ் தண்ணியில கால வச்சுக்கிட்டு யாராவது சும்மா உக்காருவாங்களா? எங்க வலிக்குது?"

"ஐயோ, மெதுவாப் பேசும்மா! வலின்னு சொல்லாத. அப்பா கேட்டு மாமாகிட்ட சொல்லிட்டா, அவரு தட்ட ஆரம்பிச்சுடுவாரு."

வெளியூர்ப் பெற்றோர்களுக்கு இது புரியாது. இந்தப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்நேரம் முதுகு சில்லிட்டிருக்கும். சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு வழக்கம் உண்டு. பயிற்சியில் ஒரு பெண் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டால் யாரும் அவளைத் திட்டுவதில்லை, அடிப்பதில்லை. ஆசிரியர் ஒரு வார்த்தையும் பேசாமல் கைதட்டத் தொடங்குவார். அணியில் இருக்கும் மற்ற பெண்கள் அவளைச் சுற்றி நின்று தட்டுவார்கள். அவள் எழுந்து ஓடும்வரை தட்டுவார்கள். திட்டினால் எதிர்த்துப் பேசலாம். அடித்தால் அழலாம். கைதட்டலை எதிர்த்து என்ன செய்ய முடியும்? ஊக்கம் அல்லவா அது! உற்சாகம் அல்லவா அது! எழுந்துதான் ஆக வேண்டும்.

நானும் எழுந்தேன். பத்தாம் வகுப்பு முடித்திருந்த காலம். மாநிலத் தொடர் ஓட்டத்தின் இறுதிப் போட்டி. அரையிறுதியிலேயே என் முட்டி வீங்கிப் பந்தாகிவிட்டது. உடைமாற்றும் அறையில், மர பெஞ்சில் உட்கார்ந்து, "அண்ணா, என்னால முடியல" என்றேன். அப்போது என் அண்ணன் வேலைக்குச் சேர்ந்த புதிது. அவர் என் முட்டியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு கைதட்டத் தொடங்கினார். ஓடினேன். வென்றேன். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானம் முழுவதும் சுற்றி வந்தார். ஊரே திரண்டு பார்த்தது. அந்தத் தோளில் என்னைச் சுமந்து எங்கெங்கோ சென்ற அண்ணன், அன்று மருத்துவமனைக்கு மட்டும் செல்லவில்லை.

இல்லை, இல்லை. அண்ணனைத் திரும்பிப் பார்க்காதீர்கள். அவரைக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. நியாயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இது அரசுப் பள்ளி. ஆய்வுக்கூடம் கேட்டோம், வரவில்லை. ஆசிரியர் கேட்டோம், வரவில்லை. கோப்பை வந்தது, அதன் பிறகுதான் கூரை வந்தது. கோப்பை வந்தது, அதன் பிறகுதான் குடிநீர் வந்தது. இன்றைக்கும் நூலகக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, கோப்பை அலமாரிக்கு இரட்டைப் பூட்டு! ஓடினால்தான் எங்களை ஒருவர் பார்ப்பார் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? என் அண்ணனா? அவருக்கும் அதை யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவரைச் சுற்றி நின்றும் யாரோ கைதட்டியிருக்கிறார்கள்.

அங்கே பின்வரிசையில் தட்டுகிறீர்கள். வேண்டாம் ஐயா. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இன்று எனக்கு அது மட்டும் வேண்டாம்.

இந்த விளையாட்டு விழாவில் என்னைப் பேச அழைக்க வந்தவர்கள், "வலி பொறுத்தவர்க்கே வாகை" என்ற தலைப்பில் பேசுங்கள் என்றார்கள். மைதானச் சுவரில் ஆளுயர எழுத்தில் எழுதியிருக்கிறதே, அதே வாசகம். வாகை சூடியவள் நான்தானே, சொல்கிறேன் கேளுங்கள். நான் வேலை செய்யும் காப்பீட்டு அலுவலகம் மாடியில் இருக்கிறது. மின்தூக்கி இல்லை. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, குழந்தை ஏறுவது போல ஏறுவேன். வாசலில் இருக்கும் காவலாளிக்கு நான் முன்னாள் வீராங்கனை என்று எப்படியோ தெரிந்துவிட்டது. ஒருநாள் கேட்டார்: "நீங்க பெரிய ஓட்டக்காரியாமே மேடம்? நம்ம படிக்கட்டுல ஆமைகூட உங்கள முந்திடும் போலருக்கே!"

நானும் சிரித்தேன். "ஆமைக்கு யாரும் கை தட்டலைங்க, அதான் இன்னும் நல்லா நடக்குது" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. முட்டியில் இரண்டு முறை கத்தி வைத்தாகிவிட்டது. தரையில் உட்கார முடியாது. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, அவள் தவழ்ந்து வரும்போது தரையில் உட்கார்ந்து அவளை அள்ளிக்கொள்ள என்னால் முடிந்ததில்லை. அவள் நாற்காலிவரை தவழ்ந்து வர வேண்டும். வாகை என்பது இதுதான், தோழர்களே! வாகை சூடியது ஒரு மாலைப்பொழுது. வலி சூடியது வாழ்நாள் முழுவதும்!

குளியலறைக்குத் திரும்புகிறேன். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வாளியிலிருந்து அவள் காலை எடுத்து என் மடியில் வைத்தேன். முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேலேயே ஒரு இடம். விரல் பட்டதும் பல்லைக் கடித்தாள். சதைவலி பரவி வலிக்கும். எலும்பு வலித்தால் ஒரே இடத்தில் ஊசி குத்துவது போல இருக்கும். வலியிடம் பாடம் படித்தவள் நான், எனக்குத் தெரியாதா?

"ஏற்கெனவே தட்டினாங்களா?"

காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். தட்டினாங்களா?"

"நேத்து. பிராக்டிஸ் முடிஞ்சு."

"எங்க வச்சு?"

"வராண்டாவுல. உன் போட்டோவுக்குக் கீழ. அங்கதாம்மா எப்பவும் நிக்க வைப்பாங்க. 'இவ யாரு தெரியுமா? வீங்கின முட்டியோட ஓடி ஜெயிச்சவ'ன்னு மாமா சொல்லுவாரு. அப்புறம் எல்லாரும் தட்டுவாங்க."

அவையோரே! தலைமை ஆசிரியை அறைக்கு வெளியே, கண்ணாடிச் சட்டத்துக்குள், கையில் கோப்பையோடு சிரித்துக்கொண்டிருக்கிறேனே, அந்தப் படம். இத்தனை ஆண்டுகளாக அது எனக்குச் செய்த மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது சாட்டையாம்! எத்தனை பெண்களை அதன் கீழே நிறுத்தினீர்கள்? எத்தனை கால்களை என் சிரிப்பைக் காட்டி எழுப்பினீர்கள்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே, அந்தப் படத்தில் நான் சிரிக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன் என்று!

மகளிடம், "இன்னைக்கு ஓட வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"சாயங்காலம் மட்டும் ஓடிடறேம்மா. அப்புறம் ரெஸ்ட் எடுத்துக்கறேன்."

"அந்த அப்புறம் எனக்கு வரவே இல்லடி."

"நீ மட்டும் ஓடின இல்ல? உனக்கு மட்டும் போட்டோ வேணும், எனக்கு வேண்டாமா?"

அவள் காலை வாளிக்குள் மறுபடி வைத்துவிட்டு வெளியே வந்தேன். இட்லியா தோசையா என்று யாரோ கேட்டதற்கு ஏதோ பதில் சொன்னேன். புடவை கட்டினேன். இந்த மேடைக்கு வந்தேன். வழியெல்லாம் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் தேடினேன். கிடைக்கவில்லை. இப்போது உங்கள் முன்னால் நிற்கும்போதுதான் ஒன்று தெரிகிறது. அது பதில் சொல்ல வேண்டிய கேள்வியே அல்ல. காய்ச்சல்காரப் பிள்ளை ஐஸ்கிரீம் கேட்டால் பெற்றவள் பட்டிமன்றமா நடத்துவாள்?

அம்மா, முன்வரிசையில் அழுகிறீர்களே, உங்கள் பெண்ணும் ஓடுகிறாளா? வீட்டுக்குப் போனதும் அவள் காலைத் தொட்டுப் பாருங்கள். "வலிக்குதா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் சொல்லுவாள். விரலால் அழுத்திவிட்டு முகத்தைப் பாருங்கள்.

என் உரை முடிகிறது. இனி நான் சொல்லப்போவது என் கணவருக்குத் தெரியாது. என் அண்ணனுக்குத் தெரியாது. என் மகளுக்கும் தெரியாது. இந்த ஒலிபெருக்கிக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

இன்று மாலைத் தொடர் ஓட்டத்தில் கடைசிச் சுற்று ஓடப்போவது என் மகள் அல்ல. மாற்று ஓட்டக்காரி இருக்கிறாள். கால் நன்றாக இருந்தால் அவள் ஓடட்டும். தோற்றால் தோற்போம். கோப்பை போனால் போகட்டும், அடுத்த கூரைக்கு வேறு வழியில் போராடுவோம், நானும் வருகிறேன். மேடையை விட்டு இறங்கியதும் என் மகளை எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போகிறேன். அவள் என்னோடு பல மாதங்கள் பேசமாட்டாள். ஒருவேளை என்னை மன்னிக்கவே மாட்டாள். மன்னிக்காமலே இருக்கட்டும். நாற்பது வயதில் தன் பிள்ளையைத் தூக்க அவள் குனியும்போது கால் தாங்கினால் அது போதும் எனக்கு.

அண்ணா, நீங்கள் எழுந்துவிட்டீர்கள். தெரிகிறது. வீட்டுக்கு வாருங்கள், சண்டை போடலாம், இங்கே வேண்டாம்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், கண் கலங்கிய தாய்மார்களுக்கும், தட்ட எடுத்த கையைத் தாழ்த்திக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்.

எழுந்திரு கண்ணு. அவசரம் ஒண்ணுமில்ல. நடந்தே வா.