முதல் சூட்டைக் கொடுத்தவர்

ஆயர் ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் சபை மூப்பர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்கா அவர்களே, அவர் தோளைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் மகளே, இடமில்லாமல் வாசல்வரை நின்றுகொண்டிருக்கும் சொந்தங்களே, உங்கள் அனைவருக்கும் என் ஸ்தோத்திரமும் வணக்கமும்.

இருபத்திரண்டு ஆண்டுகள் மறைந்த அண்ணனுக்கு எதிரே கடை வைத்துப் போட்டி போட்டவனைப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கூப்பிட்டது அவர் மனைவி, நம் அக்காதான். "உங்களுக்குத்தான் அவரை நல்லா தெரியும், நீங்களே பேசுங்க தம்பி" என்றார். தட்ட முடியவில்லை.

நம் சபையின் மூப்பர், ரொட்டிக்கடை முதலாளி, நாம் எல்லோரும் 'மெதுவா அண்ணன்' என்று அழைத்த அந்த மனிதர் நம்மை விட்டுப் போய் ஒன்பது நாளாகிறது. மாவை அடித்துப் பிசைகிற ஆளைப் பார்த்தால் "மெதுவா, மெதுவா" என்பார். சபைக் கூட்டத்தில் யாராவது மேசையைத் தட்டினாலும் அதே "மெதுவா"தான். அப்படி வந்த பெயர். நிதானமே உருவான அந்த மனிதர் போவதற்கு மட்டும் இத்தனை அவசரப்பட்டது ஏன்? ஆண்டவருக்குத் தெரியும்.

அவர் ஆலயத்துக்குக் கொடுத்தவற்றை ஆயர் ஐயா சொன்னார்கள். எனக்குக் கொடுத்ததை நான் சொல்கிறேன்.

ஏழு வருடங்களுக்கு முன்னால் ஒரு மத்தியானம் என் கடையில் தீப்பிடித்தது. மின்கம்பி உருகி, அடுப்பறை முழுக்க எரிந்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. புது அடுப்பு வெளியூரிலிருந்து வர நான்கு மாதம் ஆகும் என்றார்கள். என்னை நம்பி ஐந்து வேலையாட்கள், ஐந்து குடும்பங்கள். நான்கு மாதம் கடை மூடிக்கிடந்தால் ஒரு வாடிக்கைக்காரராவது நம்மை ஞாபகம் வைத்திருப்பாரா?

நான்காம் நாள் அண்ணன் வந்தார். கரியும் தண்ணீருமாகக் கிடந்த தரையில் செருப்போடு நின்று சுற்றிப் பார்த்தார். எனக்கு எரிச்சல். வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

"எத்தனை மணிக்கு மாவு பிசைவீங்க?" என்றார்.

"அடுப்பே இல்ல. மாவு பிசைஞ்சு என்ன பண்றது?"

"என் அடுப்பு இருக்குல்ல. காலைல நாலு மணிலேர்ந்து ஆறரை வரைக்கும் நீங்க எடுத்துக்குங்க. அப்புறம் நான் பார்த்துக்கிறேன்."

அன்பர்களே, ரொட்டித் தொழிலில் இல்லாதவர்களுக்கு இது எவ்வளவு பெரியது என்று புரியாது. பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் போகிறவர்கள் ஏழு மணிக்குள் வாங்கிவிடுவார்கள். ஒன்பது மணிக்கு வெந்து வருகிற ரொட்டி, அலமாரியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும். காலையின் முதல் சூடுதான் எங்கள் பிழைப்பு. அதைத்தான் அவர் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

நான் நம்பவில்லை. "மத்தியானம் குடுங்கண்ணே, அது போதும்" என்றேன்.

"மத்தியானம் அடுப்பு சும்மாதான் கிடக்கு. சும்மா கிடக்கிறதைக் குடுத்தா, அது குடுத்ததா ஆகுமா?"

"வீட்ல அக்காவுக்குத் தெரியுமா?"

அண்ணன் கொஞ்ச நேரம் என் மேற்கூரையைப் பார்த்தார். "இன்னும் சொல்லல. அதான் பயமா இருக்கு."

அக்கா சிரிக்கிறார்கள். அன்றைக்குச் சிரிக்கவில்லை என்று கேள்வி.

நான்கு மாதம். ஒரு நாள்கூட அவர் முகம் சுளிக்கவில்லை. நானும் என் ஆட்களும் நாலு மணிக்குப் போவோம். எங்களுக்கு முன்னால் வந்து அடுப்பைச் சூடேற்றி வைத்திருப்பார். எங்கள் தட்டுகள் வெளியே போகும்வரை மாவுச் சாக்கின்மேல் உட்கார்ந்து வேதம் வாசித்துக்கொண்டிருப்பார்.

இப்போது நான் சொல்லப்போவது எனக்கு வெட்கம். ஆனாலும் சொல்லாமல் இறங்கினால் இந்த உரை பொய்யாகிவிடும். "அண்ணன் கடையில் பழைய பன்னைச் சூடாக்கி விற்கிறார்கள்" என்று ஒரு காலத்தில் ஊரெல்லாம் ஒரு பேச்சு ஓடியது, ஞாபகம் இருக்கிறதா? அதைக் கிளப்பிவிட்டவன் நான். சுத்தப் பொய். இரண்டாம் மாதத்தில் ஒரு விடியற்காலை, அவர் அடுப்பின் முன்னாலேயே நின்று அதை ஒப்புக்கொண்டேன்.

"தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுமா எனக்கு அடுப்பைக் குடுத்தீங்க?"

"தெரிஞ்சதாலதான் மூணு நாள் ஆச்சு. இல்லன்னா தீப்பிடிச்ச அன்னிக்கே வந்திருப்பேன்."

அந்த மூன்று நாளும் அவரால் ஜெபம் பண்ண முடியவில்லையாம். முழங்கால் போட்டால் என் எரிந்த கடைதான் கண்ணில் நின்றதாம். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "ஜெபத்துல 'ஆகாரத்தை எங்களுக்குத் தாரும்'னு கேக்கிறோம் தம்பி. 'எனக்கு'ன்னு கேக்கிறதில்ல. எல்லாருக்கும் சேர்த்துக் கேட்டு வாங்கிட்டு, கைக்கு வந்ததும் என்னோடதுன்னு வச்சுக்கிட்டா எப்படி? அடுப்பு என்னோடதில்ல. என்கிட்ட இருக்கு, அவ்வளவுதான்."

கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் மட்டும் ஆலயத்துக்கு வந்துகொண்டிருந்தவன் நான். எத்தனையோ பிரசங்கங்களில் தூங்கியிருக்கிறேன். அந்தச் சில வார்த்தைகள் என்னைத் தூங்கவிடவில்லை.

அண்ணன் வானத்திலிருந்து இறங்கி வந்தவர் அல்ல. அவருடைய வாடிக்கைக்காரர்கள் என் ரொட்டிக்குப் பழகி, என் புது அடுப்பு வந்த பிறகும் என்னிடமே வந்தார்கள். "வலிக்கலையாண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன். "வலிக்கத்தான் செய்யுது" என்றார். "ஆனா நல்லா தூங்குறேன்." கொடுத்தால் குறையாது என்று அவர் ஒருநாளும் பேசியதில்லை. குறைந்தது. அது தெரிந்தே கொடுத்தார். குறைந்த இடத்தை ஆண்டவர் நிரப்புவார் என்று நம்பிக் கொடுத்தார். அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அதை எந்தச் சந்தையில் வாங்க முடியும்?

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். கடையை விற்றுவிடலாமா என்று அக்கா யோசித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் படிப்பை நிறுத்திவிட்டுக் கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மகள் ஒரே பிடிவாதம். இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி.

"படிப்பை நிறுத்தாதம்மா" என்றேன். "கடையை நானும் என் ஆளுங்களும் நடத்தித் தர்றோம். வர்றதெல்லாம் அக்காவுக்கு."

அக்கா என்னையே பார்த்தார். "அவரைக் கேட்டுச் சொல்றேன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு தம்பி" என்றார். பிறகு, "சரி. ஆனா நானும் கல்லாவுல வந்து உட்காருவேன். முதல் தட்டு ரொட்டி பெரியாஸ்பத்திரி நோயாளிகளுக்குப் போகணும். வாங்கிக்கிட்டே இருந்தா நான் ஒடுங்கிப் போயிடுவேன், எனக்கும் குடுக்க ஏதாவது வேணும்" என்றார்.

பெரியோர்களே, அண்ணனை அடக்கம் பண்ணிவிட்டோம். அவர் கை இன்னும் நீண்டுகொண்டுதான் இருக்கிறது என்று அந்த நிமிடம் எனக்குத் தெரிந்தது.

ஆகவே இந்தச் சபைக்கு முன்னால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்த மகளின் படிப்பு முடியும்வரை அந்தக் கடை ஒரு நாளும் மூடாது. இது என் பொறுப்பு.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அண்ணனிடமிருந்து என்னிடம் வந்துவிட்ட வாடிக்கைக்காரர்கள் இந்த மண்டபத்தில் பாதிப்பேர் இருக்கிறீர்கள். முகம் பார்த்தாலே தெரிகிறது. தயவுசெய்து நாளையிலிருந்து என் கடைக்கு வராதீர்கள். எதிரே போய் வாங்குங்கள். வியாபாரி வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். நானும் சொல்வேன் என்று நினைக்கவில்லை. சொல்லும்போது வலிக்கத்தான் செய்கிறது.

அண்ணன் கடை நாளைக் காலை திறக்கிறது. ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள், ரொட்டி சூடாக இருக்கும்.