வளைவில் கனத்த ஸ்டீயரிங்

வண்டி ஓட்டுவதில் என் மனைவி என்னைவிடக் கெட்டிக்காரி. அவள் இருந்தவரை இதை நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. சீட்டை முன்னால் இழுத்து, முதுகுக்குச் சின்னத் தலையணை ஒன்றைக் கொடுத்துக்கொண்டு உட்காருவாள். அதற்குப் பிறகு வண்டி அவள் சொன்னபடி கேட்கும்.

அந்த வேனை வாங்கச் சொன்னவளும் அவள்தான். அவள் அப்பாவுக்கு முழங்கால் மடங்காது. பிள்ளைகள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் அடிதடி. பெரிய வண்டி எல்லோருக்கும் வசதியாக இருந்தது. வருடம் திரும்புவதற்குள் ஸ்டீயரிங் மக்கர் பண்ணத் தொடங்கியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று கனத்துவிடும். துணி நிரம்பிய பீரோவை நகர்த்துவதுபோல இரண்டு கைகளாலும் இழுக்க வேண்டும். கொஞ்ச தூரம் போனதும் தானாகச் சரியாகிவிடும்.

என் கையில் மட்டும்தான் அப்படி ஆயிற்று.

சர்வீஸ் சென்டருக்கு நடையாய் நடந்தேன். அங்கிருந்த அட்வைசர் ஒவ்வொரு முறையும் அதே சிரிப்போடு அதையே சொன்னார். "சார், நாங்களும் ஓட்டிப் பாத்துட்டோம். வெண்ணெய் மாதிரி திரும்புது. எங்க கையில வந்தாத்தானே வாரண்டியில போட முடியும்? வெளியில காட்டிடாதீங்க, அப்புறம் வாரண்டியே போயிடும்."

ஒருமுறை அவள் பக்கம் திரும்பி, "மேடம், உங்களுக்கு எப்படி?" என்றார்.

"எனக்கு ஒரு தடவைகூட ஆகலீங்க," என்றாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

திரும்பும் வழியில், "வண்டிக்கு உங்களப் பிடிக்கல போல. கொஞ்சம் கொஞ்சித்தான் பாருங்களேன்," என்றாள். பின்சீட்டிலிருந்து அவள் தம்பி, "கொஞ்சினா போதாதுக்கா, மாமா முதல்ல ஜிம்முக்குப் போகணும்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு ஒரு விடுமுறை நாளில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு டாஷ்போர்டுக்கு அடியில் நுழைந்து பார்த்தேன். ஸ்டீயரிங் தண்டின் அடியில், அதை லேசாகத் திருப்ப உதவும் மோட்டாருக்குக் கரண்ட் போகும் பிளக். அதன் கொக்கி சரியாக மாட்டாமல் நின்றது. கட்டைவிரலால் அழுத்தினேன். டிக் என்று உட்கார்ந்தது. அவ்வளவுதான் கோளாறு. அதன் பிறகு ஸ்டீயரிங் கனக்கவே இல்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்பார்கள். சொல்லாததால் வேறொன்று நடந்தது. ஒருநாள் சாப்பிடும்போது அவள், "நீங்க புலம்புறத விட்டீங்க, பாருங்க, வண்டியும் சரியாயிடுச்சு," என்றாள். ஆசையாகத்தான் சொன்னாள். என் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தாள்.

மறுநாள் காலையில் அந்தக் கொக்கியைத் தூக்கிவிட்டு, பிளக்கைப் பாதி வெளியே இழுத்து வைத்தேன். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படி. அதற்குமேல் ஒரு நூல்கூட இல்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போகட்டும், பிறகு நாம் அணைக்கட்டு வரை போய்வரலாம் என்றேன். மாமனாரையும் இன்னொரு நாள் அழைத்துப்போகலாம் என்றேன். அதற்குத் தனியாகக் காரணம் ஒன்றும் இல்லை.

"தலை வலிக்குது, நீயே ஓட்டு," என்று சாவியைக் கொடுத்தேன். "மாத்திரை போட்டீங்களா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அணைக்கட்டிலிருந்து இறங்கும் சாலை அது. பிள்ளைகளின் அறைக்கு என்ன நிறத்தில் திரைச்சீலை போடலாம் என்று பேசிக்கொண்டே வந்தாள். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. முன்னால் வளைவு, அதை ஒட்டிப் பாலம்.

"என்னங்க, திரும்ப மாட்டேங்குது."

அந்தக் கனம் எனக்குப் பழக்கமானது. எவ்வளவு பலமாக இழுக்க வேண்டும் என்பது என் தோளுக்கே தெரியும். கையை நீட்டினால் ஸ்டீயரிங் எட்டும். என் கைகள் மடியில் இருந்தன.

"பாத்தியா?" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். அப்புறம் பாலத்துச் சுவர்.

கம்பெனிக்காரர்கள் வந்து அந்தப் பிளக்கைப் பார்த்தார்கள். கொக்கியின் வார்ப்பிலேயே பிழை என்று ஒத்துக்கொண்டார்கள். அந்த ரக வண்டிகளையெல்லாம் திரும்ப அழைத்து, காசு வாங்காமல் மாற்றிக்கொடுத்தார்கள். எத்தனையோ குடும்பங்கள் பிழைத்திருக்கும். அட்வைசர் வீட்டுக்கு வந்தார். அன்று அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தலைதலையா அடிச்சுக்கிட்டீங்களே மாமா, நாங்க யாருமே நம்பலையே," என்று அழுதான். நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

அந்தத் தலையணை மட்டும் கிழியாமல் திரும்பி வந்தது. இதை எழுதும்போதும் அது என் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

அவளைக் கொன்றது நான்தான். அதை மறுக்கவில்லை. ஆனால் கோளாறு என் கற்பனை இல்லை. அது அவளுக்கும் தெரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பியபோது அவள் தலை அசைந்தது. ஆமாம் என்றுதான் அசைந்தது.