அத்தை வீட்டு மஞ்சக்கரு

— முழுசாவா சாப்பிட்டான்?

— முழுசா, அண்ணி. தட்டுல ஒரு பொட்டு மிச்சமில்ல.

— மஞ்சக்கருவையா?

— ஆமாங்கறேன். டயட்டீஷியன் அம்மா ஆளுக்கொண்ணா கொடுத்த நோட்டுல எழுதி வச்சிருக்கேன், பாருங்க. பத்தரை மணி, ஒரு மஞ்சக்கரு, அரை ஸ்பூன் வெண்ணெய்.

— எழுத்தெல்லாம் முத்து முத்தாத்தான் இருக்கு. பெத்தவ நான். அந்தப் பிள்ளை எங்கிட்ட வெள்ளைக்கருவை மட்டும் தின்னுட்டு, மஞ்சளைப் பார்த்தா காதைப் பொத்திக்கிட்டு அலறுது. உன் தையல் மிஷின் பக்கத்துல உட்கார்ந்தா மட்டும் இனிக்குதாக்கும்!

— கோவிச்சுக்காதீங்க அண்ணி. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு நிறமும் சத்தமும்தான் முதல்ல, பசி அப்புறம்னு டயட்டீஷியன் அம்மா சொல்லலையா? மிஷின் ஓடுற சத்தம் அவனுக்குப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்.

— அந்த அம்மா அது மட்டுமா சொன்னாங்க? "அத்தை எப்படிக் கொடுக்கறாங்கன்னு பார்த்துக் கத்துக்கோங்க"ன்னாங்க. அஞ்சு வருஷம் வளர்த்தவ நான், உங்கிட்ட பாடம் படிக்கணுமாம். உங்க அண்ணன் வேற பல்லைக் காட்டிக்கிட்டு, "என் தங்கச்சி கைராசி"ன்னாரு. எனக்கு வயிறு எரிஞ்சுது.

— ஐயோ, அண்ணன் வெளையாட்டுக்குச் சொன்னது...

— எரிஞ்சுதுன்னு சொல்றேன்ல. சரி விடு. இந்தா, முட்டை அவிச்சு எடுத்துட்டு வந்திருக்கேன். உள்ள பொத்தானை வரிசையா அடுக்கிட்டு இருக்கான் பாரு, கூப்பிடு. என் கண்ணு முன்னாடி ஊட்டு.

— இப்பவா? இப்பத்தானே சாப்பிட்டான்.

— ஒரே ஒரு வாய்.

— நீங்க இருந்தா சாப்பிட மாட்டான், அண்ணி.

— என்ன சொன்னே?

— தப்பா எடுத்துக்காதீங்க...

— சரியாத்தான் எடுத்துக்கிட்டேன், தாயே. என்னைக் கண்டா என் பிள்ளைக்குத் தொண்டையில இறங்காது. அதானே?

— ஏன் அண்ணி அழறீங்க? இன்னிக்கு லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனீங்களே, ரத்த ரிப்போர்ட் வந்துடுச்சா?

— வந்துடுச்சு. மூணு மாசம் முன்னாடி கொலஸ்ட்ரால் தொண்ணூத்தஞ்சு. இப்ப தொண்ணூத்து மூணு.

— குறைஞ்சிருக்கா?

— ஊரே அது கூடிப் போச்சுன்னு நான் வேலை பார்க்கற மருந்துக்கடையில மாத்திரைக்கு நிக்குது. நம்ம பிள்ளைக்கு மட்டும் பத்தலை. உன் நோட்டை நேத்தே போன்ல படம் எடுத்து வச்சிருந்தேன், டாக்டர் நம்ம ரெண்டு பேர் நோட்டையும் பார்த்தாரு. உன் வீட்டுல ஒண்ணு, என் வீட்டுல ஒண்ணு, தினம் ரெண்டு மஞ்சக்கரு உள்ள போயும் ஏறலைன்னா குடல் சத்தை இழுக்கலையோன்னு சந்தேகப்படறாரு. வியாழக்கிழமை மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியா குழாய் விட்டுப் பார்க்கணுமாம்.

— குழாயா? தலை சீவவே தொட விட மாட்டானே அவன்! ஆமா, இருங்க... உங்க வீட்டுல ஒண்ணா? மஞ்சளைப் பார்த்தா அலறுவான்னு இப்பத்தானே சொன்னீங்க?

— அலறத்தான் செய்வான். நோட்டுல நான் எழுதினது பூரா பொய்.

— அண்ணி!

— கத்தாதே, அவன் பயந்துக்குவான். பின்ன என்ன பண்றது? உன் நோட்டுல தினமும் "சாப்பிட்டான், சாப்பிட்டான்". என் நோட்டு காலியா கிடந்தா அந்த அம்மா முகத்துல எப்படி முழிக்கறது? முதல் வாரம் ஒரு நாள்தான் எழுதினேன். அப்புறம் கை பழகிடுச்சு. மஞ்சக்கருவைத் தெருநாய்க்குப் போட்டுட்டு, சாயங்காலம் ஆறு மணி, ஒண்ணுன்னு எழுதுவேன். நாய்தான் பளபளன்னு ஆயிடுச்சு.

— டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, அண்ணி. மறைக்காதீங்க.

— சொல்லத்தான் போறேன். மானம் போனா போகட்டும். ஆனா சொன்னாலும் குழாய் நிக்காதே! நீ கொடுத்தது நிஜமா உள்ள போயிருக்குல்ல? தினம் ஒண்ணு, கூட வெண்ணெய். அதுக்கே கொஞ்சமாவது ஏறியிருக்கணும்னுதான் டாக்டர் சொல்லுவாரு. எப்படியும் வியாழக்கிழமை நாலு பேர் சேர்ந்து என் பிள்ளையை அமுக்கிப் பிடிக்கத்தான் போறாங்க.

— அண்ணி... காலையில அஞ்சு மணி நேரம் அவன் எங்கிட்டத்தான் இருக்கான். ரெண்டு மணிக்கு உங்க செருப்புச் சத்தம் கேட்டா போதும், என் மடியை விட்டு எழுந்து ஓடுவான். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். எனக்குன்னு ஒண்ணும் பிறக்கலை. அவன் உங்க தோள்ல மூஞ்சியைத் தேய்க்கறதைப் பார்த்துக்கிட்டே நூலைப் பல்லால கடிச்சுட்டு இருப்பேன். ஒரு விஷயத்துலயாவது உங்களுக்கு மேல நிக்கணும்னு தோணிடுச்சு.

— இப்ப எதுக்குடி இதெல்லாம்? எது இருந்தாலும் நேரா சொல்லு.

— செருப்பைப் போடுங்க, இப்பவே ரெண்டு பேருமா டாக்டர்கிட்ட போவோம். மூணு மாசமா அந்த மஞ்சக்கரு பூராவும் நான்தான் தின்னேன்.