கல்கத்தாவில் ஊறிய தண்ணீர்

பாலவனத்தம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு சம்சாரிகள், கிணற்றை நம்பிப் பயிர் செய்பவர்கள். கல்கத்தாவில் பூமிக்கடியில் ரயில் நிலையம் கட்டக் குழி தோண்டிவிட்டு வந்த ஒருவர், பக்கத்திலிருந்த மாப்பிள்ளை முறைக்காரரிடம் சொன்னார்:

"முப்பதடியில தண்ணி குபுகுபுன்னு வந்துருச்சு மாப்ளே. சந்தோசத்துல சூடம் பொருத்திக் கும்பிட்டேன். எஞ்சினியரு ஏசுறாரு!"

"ஏசுனாரா? எதுக்கு?"

"தண்ணி வந்தா வேலை கெட்டுப்போகுமாம். ராவும் பகலும் மோட்டார் போட்டு எறைக்கிறாக."

"எந்த வயலுக்கு?"

"வயலு ஏது? சாக்கடைக்கு."

டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டர்கூட நின்றுவிட்டார். மாப்பிள்ளை சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எம்பதடி வெட்டியும் எங் கெணத்துல பாறைதேன். பஸ்ஸுல இம்புட்டு எடம் கெடக்கு. இதைச் சொல்ல எம் பக்கத்துலதேன் வந்து உக்காரணுமா மச்சான்?"