நீச்சல் குளத்தில் பூச்சி பிடித்த வாட்ச்காரர்

கடைத்தெருவில் வாட்ச் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பதால் வாட்ச்காரர் என்று அழைக்கப்படுபவனும், வயது நாற்பத்தொன்று ஆனவனும், தபால் நிலையத்துக்குப் பின்புறமுள்ள மாடி வீட்டில் தற்சமயம் தனியாக வசித்து வருபவனுமாகிய நான், யாருடைய வற்புறுத்தலும் இன்றிச் சொல்வது:

என் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். எங்களுக்குள் பேச்சு முற்றியதில் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். அவர் ஆசையாக வளர்க்கும் ஆக்சலோட்டல்களை, அதாவது கழுத்தோரம் செவுள் விரிந்து, நான்கு காலுடன் தண்ணீருக்குள்ளேயே வாழும் பிராணிகளை, பல்லி என்று சொல்லி அக்கா வாசற்படி ஏற்றாததால் என்னிடமே விட்டுச் சென்றார். அதன் பிறகு அவை முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தன. குஞ்சுகள் அசைகிற இரையைத்தான் வாயில் வாங்கும். பசித்தால் ஒன்றின் காலை ஒன்று கடிக்கும். கால் மறுபடி முளைக்கும் என்றாலும் பார்க்கச் சகிக்காது.

மனைவி தினமும் மாலையில் போன் செய்து, "குஞ்சுங்க சாப்பிட்டுச்சா?" என்று மட்டும் கேட்பார். நான் சாப்பிட்டேனா என்று கேட்டதில்லை. இருந்தாலும் அந்தக் குரலுக்காகவே கடையைச் சீக்கிரம் சாத்திவிடுவேன்.

சென்ற வாரம் முதல் மீன் கடைக்கு உயிருள்ள தீவனம் வரவில்லை. அதன் பிறகு உறைய வைத்த புழுவை நறுக்கி, வாட்ச் இடுக்கியின் நுனியில் பிடித்து, உயிருள்ளது போல ஒவ்வொரு குஞ்சின் முன்னாலும் ஆட்டி ஆட்டி ஊட்டினேன். இதிலேயே அரை நாள் போனதால் கடைக்கு வருகிறவர்கள் திட்ட ஆரம்பித்தார்கள். அதன் பிறகு, மூடிக் கிடக்கும் நீச்சல் குளத்துப் பச்சைத் தண்ணீரில் துள்ளும் பூச்சிகள் இருக்கும், ஊற்றிவிட்டால் குஞ்சுகள் தாமாகவே பிடித்துக்கொள்ளும் என்றெண்ணி, இன்று காலை சுவரேறிக் குதித்து, டீ வடிகட்டியால் ஒரு ஜாடி நிறையப் பிடித்தேன். காவலாளி வந்து, "பெரிய மனுஷன் செய்யற வேலையா இது?" என்றார். ஜாடியோடு என்னைக் காவல் நிலையத்துக்குக் கூட்டி வந்து ஒப்படைத்தார்.

அதன் பிறகு நிலையத்தில் உறவினர் எண் கேட்டதால் மனைவியின் எண்ணைக் கொடுத்தேன். வருவார் என்று நினைக்கவில்லை. வந்தார். இளைத்திருந்தார். இதையெல்லாம் எழுதத் தேவையில்லை என்று, இந்த வாக்குமூலத்தை எழுதும் நிலைய எழுத்தர் சொன்னார். எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

"குஞ்சுங்க சாப்பிட்டுச்சா?" என்றார் மனைவி.

"எங்க, நான்தான் இங்க இருக்கேனே."

"சாவியக் குடுங்க."

கொடுத்தேன். ஜாடியையும் கேட்டார். ஆதாரப் பொருள் என்பதால் தர முடியாது என்று எழுத்தர் கூறிவிட்டார். அதன் பிறகு, இடுக்கி எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்.

சுவரேறியது குற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜாடியைத் தயவுசெய்து இங்கேயே வைத்துக்கொள்ளவும். கொடுத்தனுப்பினால் தொட்டியில் ஊற்றிவிட்டு உடனே அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். இடுக்கியால் ஊட்டினால் மதியம் வரை எங்கள் வீட்டில் இருப்பார். எனவே எந்தத் தண்டனையானாலும் பிறகு வந்து ஏற்றுக்கொள்கிறேன், மதியத்துக்குள் என்னை அனுப்பிவைக்கக் கோருகிறேன்.

படித்துக் காட்டக் கேட்டேன். சொன்னது சொன்னபடியே உள்ளது. அவசரத்தில் போட்டதால் கோணலாக இருந்தாலும், கீழே இருப்பது என் கையெழுத்துதான்.

(ஒப்பம்)
வாட்ச்காரர்