வீண் அசைவு

— கொண்டா இங்க அந்தக் காகிதத்தை. என்ன எழுதியிருக்கேன்னு பாக்கறேன்.

— வேணாம் அண்ணி. எழுதி முடிச்சிட்டேன். நாலு மணிக்கு கம்பெனியிலேர்ந்து விசாரிக்க ஆள் வந்ததும் கையில கொடுத்துட்டுப் போயிடறேன்.

— இங்க பாரு, உள்ள படுத்திருக்கிறது என் புருஷன். எனக்குக் காட்டாம ஒரு எழுத்து இந்த ஆஸ்பத்திரி வராண்டாவைத் தாண்டாது. கொண்டா.

— இந்தாங்க.

— ‘என் அண்ணன் லேத் மெஷினின் பின்பக்கம் இரும்புச் சுருள் வாரிக்கொண்டிருந்தார். தட்டி எச்சரிக்காமல் நான் ஸ்டார்ட் பட்டனை அழுத்திவிட்டேன். முழுத் தவறும் என்னுடையது.’ அவ்வளவுதானா?

— வேற என்ன இருக்கு? நாலு விரல் போச்சு. பட்டனை அமுக்கினது யாரு? நான்தானே?

— கட்டை விரலைக் காப்பாத்திட்டோம்னு டாக்டர் சொன்னாரு.

— அதைச் சொல்லி என்னைத் தேத்தாதீங்க அண்ணி. அழுகைதான் வருது.

— அழுதுக்கோ. யாரு வேணாம்னா? நான் நேத்தே அந்தக் குழாயடியில நின்னு அழுது தீத்துட்டேன். முகத்தைத் துடை. இந்தா, உங்க அண்ணன் துண்டுதான். மெஷின் எண்ணெய் நாத்தம் இன்னும் போகல.

— பதினோரு வருஷம் அண்ணி. லேத்துக்கு முன்னாடி நான், பின்னாடி அண்ணன். அவரு நிக்கறது எனக்குத் தெரியாது, நான் நிக்கறது அவருக்குத் தெரியாது. எட்டிப் பாத்தாத்தான் உண்டு. இடது கையால தகட்டுல ரெண்டு தட்டு தட்டுவேன். அவரு கையை எடுத்துடுவாரு. அப்புறம்தான் என் வலது கை பட்டனுக்கே போகும். அவ்வளவு இரைச்சல்லயும் அந்தத் தட்டு மட்டும் தனியா கேக்கும்னு சொல்வாரு.

— எனக்குத் தெரியாதா? வீட்ல மிக்சி போடறதுக்கு முன்னாடியும் மேடையை ரெண்டு தட்டு தட்டுற மனுஷன். ‘உள்ள யாரு கையை விட்டிருக்கா’ன்னு கேட்டு நானும் பாப்பாவும் சிரிப்போம்.

— அதைப் போய் மறந்துட்டேனே! ஒரே ஒரு தடவை அண்ணி. நேத்து காலையிலேர்ந்து தட்டிட்டுத்தானே இருந்தேன்? மூணு மணிக்கு, அந்த ஒரு தடவை, எந்தப் பேய் என் கையைப் பிடிச்சுதோ தெரியல.

— அந்தத் துண்டைக் கொடு, மடிச்சு வெக்கறேன்.

— என்ன அண்ணி, பேச்சை மாத்தறீங்க?

— ஒண்ணுமில்ல. தண்ணி குடிக்கிறியா? காலையிலேர்ந்து பட்டினியா உக்காந்திருக்கே.

— ஒண்ணும் இறங்காது.

— சரி, கேளு. உன் கையைப் பிடிச்சது பேய் இல்ல. நான். புது மெஷினுக்குப் பழக நான் நடத்தற பயிற்சி அறைக்கு நீ வந்த முதல் வாரம் ஞாபகமிருக்கா?

— அட விடுங்க அண்ணி, அதை ஏன் இப்போ...

— விட மாட்டேன். புது மெஷின் முன்னாடி நிக்கறே. தலைக்கு மேல கேமரா. பட்டன் அமுக்கறதுக்கு முன்னாடி கண்ணாடிக் கதவுல ரெண்டு தட்டு தட்டறே. திரையில சிவப்பா வருது, ‘வீண் அசைவு’ன்னு. தட்டுக்கு ஒரு மார்க் போச்சு. ரெண்டு தடவை பரீட்சையில உன்னைப் பெயிலாக்கினது யாரு?

— கேமரா.

— கேமராவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா? கீழ போட்டது நான்.

— புது மெஷினுக்குப் பின்பக்கமே கிடையாதே அண்ணி. கதவு திறந்திருந்தா ஓடாது. கையை விட்டா தானா நின்னுடும். அங்க தட்டறது நெசமாவே வீண்தான். நீங்க சொல்லிக் கொடுத்ததுல ஒரு தப்பும் இல்ல.

— பாப்பாவோட ரப்பர் பந்தைக் கொண்டு வந்து, தட்ட முடியாதபடி உன் இடது கையில திணிச்சேனே, அது?

— அது... நல்லதுக்குத்தானே பண்ணீங்க. எல்லாரும் என்னைப் ‘பந்து, பந்து’ன்னு கூப்பிட்டானுங்க. அண்ணன் வேற வீட்ல வந்து, ‘என் பொண்டாட்டி கிளாஸ்ல என் தம்பி இன்னும் எல்.கே.ஜி.தான்’னு ஓட்டுவாரு. ஆனா தினமும் சாயங்காலம் கேப்பாரே, ‘இன்னிக்கு எத்தனை தடவை தட்டினே?’ன்னு. பத்து, ஏழு, மூணுன்னு குறையக் குறைய அவருக்குத்தான் என்னை விட சந்தோஷம்.

— பதினெட்டு நாள். பந்து கீழ விழுந்தா மறுபடி முதல்லேர்ந்து. உன் கையிலேர்ந்து அந்தத் தட்டைப் பிடுங்கி எறிஞ்சேன். மூணாவது தடவை நீ பாஸ் பண்ணதும், அறையே கைதட்டிச்சு. நானும்தான் தட்டினேன்.

— அண்ணன் ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டு இருந்தாரு.

— அவரை ஏன் வகுப்புல சேக்கலன்னு கேட்டியே ஒரு தடவை. நான் கெஞ்சிப் பாத்தேன். ‘வீட்டுக்கு ஒருத்தன் புது மெஷினுக்குப் போனா போதும். அவன் சின்னவன், நிறைய வருஷம் இருக்கு. எனக்கு இந்தக் கிழட்டு லேத்து போதும்’னுட்டாரு.

— இதை என்கிட்ட சொல்லவே இல்லையே.

— அவரு எதைத்தான் உன்கிட்ட சொல்லியிருக்காரு?

— நேத்து புது மெஷின்ல ஒரு பாகம் உடைஞ்சு நின்னுபோச்சு. சூப்பர்வைசர் வந்து, ‘ரெண்டு நாள் பழைய இடத்துல போய் நில்லு’ன்னாரு. சந்தோஷமாத்தான் அண்ணி போனேன். ரெண்டு மாசம் கழிச்சு அண்ணன் கூட வேலை. ‘வாடா பெரிய மனுஷா’ன்னு கட்டிப் பிடிச்சாரு.

— அதைத்தான் சொல்றேன். பழசுலேர்ந்து புதுசுக்கு எப்படிப் போகணும்னு நாப்பது பக்கம் வெச்சிருக்கேன். புதுசுலேர்ந்து திரும்பப் பழசுக்கு வந்தா என்ன பண்ணணும்னு ஒரு வரி கிடையாது. கடைசிப் பக்கத்துல ‘பயிற்சியாளர் குறிப்பு’ன்னு இடம் விட்டிருக்கு. நான் எதையும் எழுதல. நீ திரும்பி வருவேன்னு யாரு நெனைச்சா?

— அதனால? உங்க தப்புன்னு எழுதிக் கொடுக்கப் போறீங்களா?

— ஆமா.

— பைத்தியமா உங்களுக்கு? எத்தனை வருஷம் அந்த இன்ஸ்பெக்‌ஷன் மேசையில கண்ணு வலிக்க வலிக்க சாமான் அளந்துட்டு இருந்தீங்க! அங்கேர்ந்து பயிற்சி அறைக்குப் போன முதல் பொம்பளை நீங்க. எழுதிக் கொடுத்த மறுநாளே வெளிய அனுப்பிடுவாங்க. அண்ணனுக்கு இனிமே வலது கை வேலைக்கு ஆகாது. நீங்களும் வீட்ல உக்காந்தா பாப்பாவை யாரு பாக்கறது? எனக்கு என்ன, ஒத்தை ஆளு, எங்க வேணா போய்ப் பொழைச்சுக்குவேன்.

— பேசி முடிச்சிட்டியா?

— முடிச்சிட்டேன். அந்தக் காகிதத்தைக் கொடுங்க.

— இரு. நாளைக்குப் பயிற்சிக்கு அடுத்த கூட்டம் வருது. பதினாலு பேர். எல்லாம் உன்னை மாதிரி முன்னாடி நின்னு தட்டிப் பழகினவங்க. ஸ்டோருக்கு என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? பதினாலு ரப்பர் பந்து. உன்கிட்ட நல்லா வேலை செஞ்சுதாம். பாடத்துலயே சேத்துட்டாங்க.

— அய்யோ.

— ‘ஒருத்தன் மறந்துட்டான்’னு நீ எழுதினா, அந்த ஒருத்தனை அனுப்பிட்டு இவங்க கையில பந்தைக் கொடுப்பாங்க. அவங்கள்ல எத்தனை பேரை என்னிக்கு ‘ரெண்டு நாள் பழைய இடத்துக்குப் போ’ன்னு அனுப்புவாங்களோ. லேத்துக்குப் பின்னாடி யாரு அண்ணன் நிப்பானோ.

— ஆனா நான் மறந்தது நெசம்தானே அண்ணி? ஒரு தடவை மறந்தது என் கைதானே? அதை எப்படி இல்லைன்னு எழுதறது?

— இங்க ஆறாம் நம்பர் பெட்டுக்கு யாரு சொந்தம்?

— நான்தான் சிஸ்டர், அவரு பொண்டாட்டி. இவன் தம்பி.

— முழிச்சிட்டாரு. ஒருத்தர் மட்டும் போய்ப் பாருங்க. ‘தம்பி சாப்பிட்டானா, தம்பி சாப்பிட்டானா’ன்னு அதையே கேட்டுட்டு இருக்காரு. ஊசி போட்டிருக்கு, அதிகம் பேச வைக்காதீங்க.

— சரி சிஸ்டர்.

— நீங்க போங்க அண்ணி. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் போய் அவரு முன்னாடி நிப்பேன்?

— அவரு உன்னைத்தான் கேக்கறாரு. ஆனா நீ உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். அவரு சொல்ல மாட்டாரு. ‘ஒரு தடவை மறக்கறது சகஜம்டா’ன்னு உன் தலையைத் தடவி அனுப்பிடுவாரு. நானும் நேத்துலேர்ந்து தொண்டை வரைக்கும் வந்து முழுங்கறேன்.

— என்ன அண்ணி?

— நீ ஒரு தடவை மறக்கல.

— அப்போ... தட்டினேனா?

— இல்ல தம்பி. நேத்து காலையிலேர்ந்து ஒரு தடவை கூட நீ தட்டல.

— சத்தியமா தட்டினேன்! எனக்கு நல்லா ஞாபகமிருக்கு அண்ணி!

— மனசுல தட்டியிருப்பே. கை அசையல.

— உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க அந்தப் பக்கமே வரலியே.

— மதியம் சாப்பாட்டு நேரத்துல உங்க அண்ணன் போன் பண்ணாரு. ‘தம்பி தட்டறதையே விட்டுட்டான்டி. காலையிலேர்ந்து பாக்கறேன்’னு சொன்னாரு.

— அண்ணனுக்குத் தெரியுமா? தெரிஞ்சுமா என்கிட்ட சொல்லல? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...

— ‘சொன்னா அந்தப் பழக்கம் திரும்ப அவன் கையில ஒட்டிக்கும். ரெண்டு நாள்ல மறுபடி புது மெஷின்ல, கேமரா முன்னாடி நிக்கணும் அவன். நான் எட்டி அவனைப் பாத்துப் பாத்துதான் கையை விடறேன், நீ கவலைப்படாதே. அவன்கிட்ட மூச்சு விட்டுடாதே’ன்னாரு.

— நீங்க... நீங்க என்ன சொன்னீங்க அண்ணி?

— ‘பாத்தீங்களா, என் பாடம் எப்படிப் பலிச்சிருக்கு’ன்னு சொல்லிப் பெருமையா சிரிச்சேன் தம்பி.